அத்தையின் நிச்சயத்தில் நான் பேசிய இங்கிலீஷ்

எங்கள் ஊரில் மைக்கைப் பிடித்து இங்கிலீஷ் பேசிய முதல் ஆள் நான்தான். ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ கணக்கில் சேராது என்றால் இதை யாரும் மறுக்க முடியாது. அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஊர். மழை பெய்தால் பஸ் உள்ளே வராமல் ஏரிக்கரையோடு திரும்பிவிடும்.

இங்கிலீஷ் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததைவிட அத்தையிடம் வந்ததுதான் ஜாஸ்தி. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பத்தாவது பாஸ் செய்தவள். அதற்கு மேல் படிக்கத் தியாகதுருகத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டும் என்றதும் அப்பா “போதும்” என்று சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் அதைப்பற்றி மறுபடி பேசவில்லை, அத்தையும் பேசவில்லை. காட்டு வேலைக்குப் போனாள், மாடு பிடித்துக் கட்டினாள், மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தை நீவிப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்தாள். சிலருக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருப்பதுபோல அவளுக்கு இது என்று நினைத்திருந்தேன்.

பிறகு சின்னசேலத்து மாப்பிள்ளை அமைந்தார். பி.ஏ. படித்தவர், ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் “கவர்மென்ட்டு மாப்ள” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த நாட்களில்தான் அத்தை எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். முறத்தில் மல்லாட்டைக் கடலையைக் கொட்டி இரண்டு பேரும் உரித்துக்கொண்டே படிப்போம். “மை கோட் ஹேட் ஸ்டாப்டு ஈட்டிங் கிராஸ்” என்பாள். எங்கள் ஆடு புல் தின்பதை நிறுத்திய நாளே கிடையாது. ஆனாலும் சொன்னேன். “மை ஃபாதர் ஹேட் பிகன் டு ப்ளவ் த ஃபீல்ட்.” அதையும் சொன்னேன். உதாரணம் என்றால் வீட்டில் இருப்பவர்களை வைத்துத்தான் சொல்லவேண்டும் என்பாள். அப்படி ஆடு, அப்பா எல்லாம் முடிந்து ஒருநாள் அத்தையின் முறையும் வந்தது.

“மை ஆன்ட் ஹேட் வாண்டட் டு பிகம் எ டீச்சர். ஷி ஹேட் ஸ்டாப்டு கோயிங் டு ஸ்கூல், பட் ஷி ஹேட் நாட் ஸ்டாப்டு ரீடிங். ஷி ஹேட் ஹோப்டு டு பி ஆஸ்க்டு, பட் நோபடி ஆஸ்க்டு ஹெர்.”

“எல்லாத்துலயும் ஹேட்டு ஹேட்டுன்னு வருதே, அப்டின்னா இன்னா அத்த?”

“முடிஞ்சிபோனதுக்கும் முந்தி முடிஞ்சிபோனது.”

“புரியல.”

“புரியாட்டி இன்னா? வாய் குழறாம சொல்லு. அப்பறமா புரியும்.”

இது பத்தாவது பாடம் என்று அவளே சொன்னாள். ஆறாவது படிக்கிற எனக்குப் பத்தாவது பாடம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தலைக்கனத்தில் இருப்பவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லவைத்தாளோ, ஆடு கத்தினால்கூட எனக்கு “ஹேட்” என்றே காதில் விழுந்தது. நிறுத்தி நிறுத்திச் சொல்லவேண்டும், விருந்தாளிகள் முன்னால் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்த்துச் சொல்லவேண்டும், அதுதான் மரியாதை என்றும் பழக்கினாள்.

நிச்சயத்தன்று புளியமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தின்போது பெண் சபையில் வாய் திறக்கக் கூடாது. புடவை கட்டிக் கூட்டிவருவார்கள், கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடவேண்டும். என்ன கேட்டாலும் பதில் அப்பனோ அண்ணனோதான் சொல்வார்கள். பெண்ணிடமே நேரில் கேட்பது பெண் வீட்டை அவமதிப்பதுபோல. குழந்தைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு குழந்தை மைக்கில் பாட்டோ, பாடமோ ஒப்பிக்கும்.

காலையிலேயே அத்தை, “அண்ணா, பாப்பாவ இங்கிலீஷ்ல பேச வுடு, அவங்க அசந்துடுவாங்க” என்று அப்பா காதில் போட்டிருந்தாள். அப்பாவுக்குச் சொல்லவேண்டுமா? தட்டுகளை எடுத்துவைத்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

“எம் பொண்ணு ஆறாவதுதாங்க படிக்குது. இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கும், கேளுங்க.”

நான் மைக்கைப் பிடித்தேன். ஆட்டைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டார் பக்கம் பார்த்து நிறுத்தி நிறுத்தி அத்தையைச் சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை. ஊரே கை தட்டியது. அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கடைசியா சொன்னத இன்னொரு வாட்டி சொல்லும்மா” என்றார்.

“சொல்லு சொல்லு, மாப்ள கேக்கிறாரு பாரு!” என்று அப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மாப்பிள்ளை தன் அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். தட்டைத் தூக்கியிருந்த அவர் அதைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

“பொண்ணு மேல படிக்கணும்னு ஆசப்பட்டுச்சாமே. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

அப்பாவுக்கு முகம் வெளுத்தது. “யாருங்க சொன்னது அப்டி?”

“உங்க பொண்ணுதாங்க சொல்லுது, மைக்ல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை கல்யாணம் என்னால் நின்றுபோகப்போகிறது என்று நினைத்தேன். நிச்சயத்தில் தட்டு கீழே இறங்கிய பெண்ணை எங்கள் பக்கம் அப்புறம் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைதான் பேசினார். “அவங்களையே ஒரு வார்த்த கேட்டுப்புடலாங்களா?”

அப்பா வழக்கப்படி பதில் சொல்ல வாயைத் திறந்தார். “நீங்க இல்லீங்க. அவங்க சொல்லட்டும்” என்று மாப்பிள்ளை தடுத்தார்.

அத்தை வாசற்படி தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள். மைக்கை அணைக்க எனக்குத் தெரியாது. அதனால் அவள் சொன்னது புளியமரத்திலிருந்து ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

“படிக்கணுங்க. டீச்சர் ஆவணும்.”

“எங்க ஊர்லயே ஸ்கூல் இருக்குது. படிக்கட்டும்” என்றார் மாப்பிள்ளை. அவர் அப்பா மீசையைத் தடவிவிட்டுத் தட்டை எடுத்தார். அத்தைக்கு நிச்சயமாயிற்று.

எங்கள் அப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாளே டீக்கடையில், “எங்க வூட்டுப் பொண்ணுங்க படிப்புல கில்லாடிங்க” என்று பேசிக்கொண்டிருந்தார். நானும் சும்மா இல்லை. ஏதோ பாடம் ஒப்பிக்கப்போய் அத்தைக்கு நல்லது நடந்துவிட்டது, எல்லாம் என் வாய் ராசி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அத்தை ப்ளஸ் டூ முடித்து, டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்தபோதுகூட அந்தப் பெருமையில் எனக்குப் பாதிப் பங்கு கேட்டேன். அவள் சிரித்தாள், மறுக்கவில்லை.

பத்தாவதில் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தினார். உதாரணம் கேட்டதும் முதல் ஆளாக எழுந்தேன். “மை ஆன்ட் ஹேட் வாண்டட் டு” என்று தொடங்கி, “நோபடி ஆஸ்க்டு ஹெர்” என்று முடித்துவிட்டு உட்கார மறந்து நின்றேன். ஆட்டையும் அப்பாவையும் அவள் முதலில் சொல்லவைத்தது எதற்கு, எந்தப் பக்கம் பார்த்துச் சொல்லச் சொன்னாள், அப்பா காதில் போட்டது யார், எல்லாம் அந்த பெஞ்சில் நின்றபடி எனக்கு விளங்கியது.

டிரெய்னிங் முடித்து, கல்வராயன் மலையில் முதல் வேலைக்குப் போய், லீவில் வந்தவளிடம் கேட்டேன். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அத்த?”

“சொல்லியிருந்தா நீ பயந்திருப்ப. பயந்தா வாய் குழறியிருக்கும். எனக்கு மைக்கு ஒரு வாட்டிதான் கெடைக்கும் பாப்பா.”

நான் குழறவில்லை. அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.