மணிக்கூடு சொன்ன விழுதல்

அலுமாரித் தட்டில் அந்த மணிக்கூடு அதிரும்போது பலகைக்குள் வண்டு சிக்கியதுபோல ஒரு சத்தம் கேட்கும். இன்று காலையும் கேட்டது. கனடாவிலிருந்து மருமகனின் அழைப்பு. எடுக்கவில்லை. அதற்குள் கனகராயன்குளத்து வீட்டு முற்றத்தில், வெடிப்புகைக்குள் நிலத்தோடு நிலமாய்க் கிடந்த அக்கா என் கண்முன் வந்துவிட்டார்.

அவன் அக்காவின் ஒரே மகன். தாய் தனியே இருக்கிறார் என்ற பயத்தில் வாங்கி அனுப்பிய கைமணிக்கூடு இது. கையின் வீச்சையும் உடம்பின் குலுக்கலையும் உணர்ந்து, ஆள் நடக்கிறாரா, படுத்திருக்கிறாரா, விழுந்துவிட்டாரா என்று கண்டுபிடிக்குமாம். விழுந்தால் அதிர்ந்து கேட்கும். பதில் இல்லாவிட்டால் மகனுக்கு அழைப்புப் போகும். அக்கா அதைப் புதிதாய் வந்த மருமகளைப்போலச் சீண்டிக்கொண்டே இருந்தார். "தேங்காய் திருவுறன், ஓடுறன் எண்டு காட்டுது. இருந்த இடத்திலயே கிளிநொச்சிக்குப் போயிட்டன், பார்!"

ஆனால் அது விழுதலையும் கண்டது. பக்கத்துக் கலியாண வீட்டில் வெடி கொளுத்தியபோது ஒருதரம், பெருவீதியில் லொறி டயர் வெடித்தபோது இன்னொருதரம். சத்தம் அடங்குமுன் அக்காவின் உடம்பு நிலத்தில் கிடந்தது, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சுக்கடியில் ஒரு சின்ன இடம் விட்டு. அந்த இடத்தின் அளவு எனக்குத் தெரியும். போர்க்காலத்து ஷெல்லடி நாட்களில் நாலு வயது மகனை அதற்குள் வைத்துத்தான் மூடிக் கிடந்தார். மகன் வளர்ந்து கடல் கடந்து போனான். அந்த இடம் மட்டும் வளரவேயில்லை. மணிக்கூட்டுக்கு இதையெல்லாம் யார் படிப்பித்தார்கள்? வேகமாக நிலத்துக்கு வந்த உடம்பு, பிறகு அசைவில்லை. விழுதல்தான்.

"மாமா, அம்மா திரும்பவும் விழுந்திட்டா. நீங்கள் ரெண்டு பேரும் மறைக்கிறியள். இனித் தனிய விடேலாது. வவுனியாவில முதியோர் இல்லத்தில இடம் கேட்டிட்டன்." தொலைபேசியில் அவன் குரலில் கோபம் இல்லை, நடுக்கம்தான் இருந்தது. அக்காவுக்கோ அந்த வீட்டைவிட்டால் வேறு உலகமில்லை. எரிந்த காணிக்குத் திரும்பி வந்து, கல் சுமந்து, தானே நின்று கட்டிய வீடு.

"நடந்ததை அவனுக்குச் சொல்லக்கா. ஒரு வசனம் போதும்."

ஆட்டுக்கு இலைக்குழை கட்டியபடியே சொன்னார்: "அவனுக்கு அதொண்டும் ஞாபகமில்லையடா. அங்கை வாணவேடிக்கைக்குக் கை தட்டிச் சிரிக்கிறான், படம் அனுப்பினவன். சிரிக்கட்டும்."

"அப்ப மணிக்கூட்டைக் கழட்டி வை."

"கழட்டினா அவன் நித்திரை கொள்ளமாட்டான்."

அந்த ஆவணியிலேயே ஆடுகளை அயலுக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவுக்குப் போனார். அடுத்த மாரிமழைக்குள் இந்த உலகத்தைவிட்டே போயும் சேர்ந்தார். மணிக்கூடு என்னிடம் வந்தது. கட்டிக்கொண்டு நடந்தால் நடக்கிறேன் என்கிறது. அக்காவின் சாய்வுக் கதிரையில் வெறுமனே கிடந்தால் ஓய்வு என்கிறது. எது ஓய்வு, சனியனே?

மறுபடி அதிர்கிறது. அவன் கேட்கப்போவது தெரியும். ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்கிறான்: "அம்மா ஏன் மாமா அடிக்கடி விழுந்தவா?" மணிக்கூட்டை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கிறேன். முதியோர் இல்லத்துப் படலை வாசலில் அக்காவும் என் கையை இப்படித்தான் பொத்திப் பிடித்தார். நான் திரும்பும் வான்வண்டி புறப்படப் போகிறது என்று சாரதி அவசரப்படுத்தினான். அவர் சொன்னது ஒன்றுதான்.

"விழுந்தனான் எண்டே சொல்லு, தம்பி."