எண்ணெய் பட்ட விளிம்பு

என் அண்ணிக்கு நான் முப்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். இருபத்திரண்டு வருடக் கடன். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அவர் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கையில் இல்லாமல் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, மாவு மூட்டை தூக்கி, இன்றைக்கு மூன்று பேக்கரிக்கு முதலாளியாக நிற்பவன் நான். என் ரொட்டி போகாத தெரு இந்த ஊரில் கிடையாது. யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தேன் என்று வாய் ஓயாமல் சொல்லியாகிவிட்டது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், வாங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதுதான் காரணம்.

அண்ணன் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய கால்சோனேயை அண்ணிக்குக் காட்டிக் கொடுத்தார். பீட்சா மாவை வட்டமாகத் தேய்த்து, ஒரு பாதியில் பூரணம் வைத்து, மறுபாதியை மேலே மடித்து, விளிம்பை ஒட்டிச் சுடுவது. அண்ணன் போன பிறகு அதுவே அண்ணிக்குப் பிழைப்பானது. பெரிய ஓவன் வாங்கச் சேர்த்திருந்த பணத்தை என் முதல் அடுப்புக்குத் தூக்கிக் கொடுத்தார். "நீ முதல்ல நில்லு தம்பி, நான் அப்புறம் வாங்கிக்கறேன்" என்றார். நான் நின்றேன். அவர், ஒரு தடவைக்கு நாலு மட்டும் வேகிற சின்ன ஓவனோடு, அதன் கதவைக் கம்பியால் கட்டிக்கொண்டு, இரண்டாம் மாடி வாடகை வீட்டில் காலத்தை ஓட்டினார்.

போன வருடம் அண்ணிக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. கால் தேறியது, கை தேறவில்லை. மடியில் வைத்தால் வைத்தபடி விரிந்து கிடக்கும். மூன்று மாத வாடகை நின்றது. அவர் மகள் தன் ஒற்றை அறைக்கு வந்துவிடச் சொன்னாள். அங்கே மருமகன் முகம் எப்படி இருக்கும் என்று அண்ணிக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒரு தொழிற்சாலை கேன்டீன்காரர் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை மத்தியானம் அறுபது கால்சோனே. பிடித்துப்போனால் தினமும் அறுபது. அது கிடைத்தால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"ஒட்டறதுக்கு மட்டும் ரெண்டு கை வேணும் தம்பி" என்று போன் செய்தார். பணம் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் போனேன். பாத்திரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் மாவு முழுவதையும் பிசைந்து, உருட்டி, ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். வதக்கிய கீரையும் காளானும் ஆறிக்கொண்டிருந்தன. சீஸ் துருவித் தயாராக இருந்தது.

"முதலாளிக்கு மாடி ஏற மூச்சு வாங்குது போல."

"அறுபதுதானே அண்ணி? நான் ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் ரொட்டி இறக்கறவன்."

"ரொட்டிக்கு வாய் கிடையாது தம்பி. இதுக்கு உண்டு. சரியா மூடலைன்னா உள்ள இருக்கறதையெல்லாம் வெளியில கொட்டிடும்."

"அப்போ உங்களை மாதிரி இல்லைன்னு சொல்லுங்க."

சிரித்தார். பிறகு சொன்னார்: "கையில எண்ணெய் மட்டும் படக்கூடாது. மாவுப்பொடியைத் தொட்டுக்கோ. விளிம்புல தண்ணி தடவி அழுத்து. முதல்ல நாலு சுட்டுப் பாரு, அப்புறம் மிச்சம்."

மாத்திரை மயக்கத்தில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். ஒன்பது செய்து முடித்தபோது மாவு என் விரலில் ஒட்டத் தொடங்கியது. ரொட்டிக்காரன் கை, தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. நாற்பது வருடப் பழக்கம். ஒரு சொட்டு எண்ணெய் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். வழுவழுவென்று வேலை ஓடியது. விளிம்பு ஒவ்வொன்றும் முறுக்கிய கயிறு மாதிரி அழகாக வந்தது.

பதினைந்து தடவை எதற்குச் சுட வேண்டும்? என் அடுப்பில் ஒரே தடவை. தட்டுகளை வேனுக்கு இறக்கும்போது அண்ணி கண் விழித்தார்.

"நாலு சுட்டுப் பாத்தியா?"

"பாத்தாச்சு" என்றேன்.

பேக்கரியில் அடுப்புக் கதவைத் திறந்தபோது புகை முகத்தில் அடித்தது. விளிம்புகள் வாய் பிளந்து, சீஸ் தட்டில் ஓடிக் கருகிக் கிடந்தது. எண்ணெய் தொடுவதற்கு முன் செய்த ஒன்பது மட்டும் மூடியபடி இருந்தன. என்னிடம் வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்பதையும், கூடவே என் ரொட்டி நூறையும் எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினேன்.

"ரொட்டி எங்ககிட்டயே இருக்கு பெரியவரே. ஆளுங்க தட்டோட நிக்கறாங்க. இனிமே வேற இடத்துல பாத்துக்கறோம்" என்றார் கேன்டீன்காரர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதோடு மாடி ஏறினேன்.

"எத்தனை தேறுச்சு?"

"ஒன்பது."

"எண்ணெய் தொட்டியா?"

கொண்டுவந்த ஒன்பதையும் கீழே வைத்தேன். அவர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. அதை வீணாக்காம பக்கத்து வீட்டுல குடுத்துடு."

"வாடகையை நான் கட்டறேன் அண்ணி. ஒரு உதவியா வச்சுக்கோங்க."

"யார் தயவும் வேணாம் தம்பி. நீயும் அப்படித்தானே வளந்தே?"

அந்த நிமிஷத்தில் 'கடன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். வீடு நின்றிருக்கும். என் வாய் திறக்கவில்லை. படி இறங்கிப் போய்விட்டேன்.

மாதக் கடைசியில் போனபோது சாவி கைமாறியிருந்தது. சின்ன ஓவனைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போயிருந்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதுபடவே சொன்னேன்.

"அண்ணி, உங்ககிட்ட நான் வாங்கின கடனைக் கொண்டு வந்திருக்கேன்."

மகள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "என்ன கடன் சித்தப்பா?"

"என் முதல் அடுப்பு உங்கம்மா பணம்."

நான் கொண்டுபோனது மூன்று லட்சம். அண்ணி பணக்கட்டைப் பார்த்து, வேண்டாமென்று தலையாட்டினார்.

"குடுத்தது முப்பதாயிரம். முப்பதாயிரம் போதும்."

"அம்மா, குடுக்கறதை வாங்கிக்கம்மா" என்றாள் மகள்.

"போதும்னேன்ல."

அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஓர் ஓவன் வந்திருக்கும். இன்றைக்கு அதன் கதவுகூட வராது. வந்தாலும் அதை மாட்ட வீடில்லை. அண்ணியின் வலது கை ஊன்றுகோலைப் பிடித்திருந்தது. இடது கை மடியில் விரிந்து கிடந்தது. அதன் அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மகளுக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தேன். முப்பதாவது ஆயிரத்தை வைத்தபோதும் அந்த விரல்கள் மூடவில்லை.