மல்சூன் ஏறாத பஸ்

கில்தேவுக்கு இரண்டு வரை எண்ணத் தெரியாது. புசான் மலைச்சாலையில் நாற்பத்தேழாம் எண் பஸ் நிற்கிற இருபத்தாறு நிறுத்தங்களிலும் இதை அறியாதவர் கிடையாது. முப்பது வருஷமாக இதை ஊருக்குச் சொல்லி வருகிறவள் மல்சூன். முப்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டே அவள் கடையில் நூடுல்ஸ் தின்கிற டிரைவர் கில்தே. வேறு வழியில்லை. பஸ் திரும்புகிற மேல்முனையில் இருப்பது அந்த ஒரு கடைதான்.

கிண்ணம் தயாரானதும் அடுப்பருகே இருக்கும் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"எத்தனை தட்டுனேன், டிரைவரே?"

"ரெண்டு."

"அட, இன்னைக்குச் சரியாச் சொல்லிட்டாரே! அவருக்கு இன்னொரு துண்டு முள்ளங்கி வைங்க."

மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். கில்தே முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வான். அவன் காதில் அன்றைக்கு விழுந்ததும் இரண்டுதான். யார் கேட்டாலும் அதையே சொல்வான். யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவன் மனத்தாங்கல்.

மல்சூனுக்குச் சொந்த ஊர் தெற்கே ஒரு தீவு. ஏழு பிள்ளைகளில் அவள் ஏழாவது. இதோடு போதும் என்று பெயரிலேயே 'கடைசி' என்று அர்த்தம் வரும்படி வைத்துவிட்டார்கள். பதினெட்டு வயதில் படகேறி வந்து பஸ் கம்பெனி விடுதியில் சேர்ந்தாள். நாற்பத்தேழாம் எண் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அந்த ரூட்டுக்கு அப்போது ஐந்து வயது. போருக்குத் தப்பி வந்தவர்கள் மலைமேல் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகளுக்கு நடுவே சாலை போட்டு விட்ட பஸ் அது. மேல்முனையில் கிளம்பி, மலை இடுப்பைச் சுற்றிச் சுற்றி இறங்கி, ஷூ ஃபாக்டரி வாசலில் பாதிக் கூட்டத்தைக் கொட்டிவிட்டு, துறைமுகத்து மீன் சந்தையில் போய் நிற்கும்.

அறுபது பேர் கொள்ளும் பஸ்ஸில் காலையில் நூற்றிருபது பேர் ஏறுவார்கள். மல்சூன் முதுகைக் கொடுத்து அவர்களை உள்ளே நெட்டுவாள். கதவு மூடாது. படியில் நின்று இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொள்வாள். வண்டியின் தகரத்தில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு, கூடவே "ஓராய்!" என்று ஒரு கத்தல், அப்படியென்றால் போ. டிரைவர் வண்டியை எடுத்து முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டுவான். படியைக் குலுக்கி அரிசி அளக்கிற மாதிரி ஜனம் உள்ளே இறங்கும். கதவு மூடிக்கொள்ளும். எல்லா டிரைவரும் செய்ததுதான். கில்தே அதில் கைதேர்ந்தவன். அவன் வண்டி என்றால் கண்டக்டர் பெண்கள் சந்தோஷமாக வருவார்கள். மல்சூனும் அப்போது அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

எழுபத்தேழு பிப்ரவரியில் பனி கொட்டிய ஒரு காலை, கிணற்றடி நிறுத்தத்தில் வண்டி நின்றது. வழக்கமான கூட்டம். கண்ணாடியில் ஆவி படிந்து பின்னால் எதுவும் தெரியவில்லை. கில்தே இரண்டு தட்டுக் கேட்டான். எடுத்தான். வளைவில் வெட்டினான். மல்சூனின் ஒரு கை இன்னும் கம்பிக்கு வரவில்லை. சாக்கடை விளிம்பில் விழுந்து இடது முழங்கால் உடைந்தது.

விசாரணை நடந்தது. "ரெண்டு கேட்டுச்சு" என்றான் கில்தே. "ஓராய் சொன்னாளா?" என்று கேட்டதற்கு, "அந்த இரைச்சல்ல கேக்கல" என்றான். ஆஸ்பத்திரியில் மல்சூன், "ஒன்னுதான் தட்டுனேன். இன்னும் ரெண்டு பேரு ஏற வேண்டியிருந்துச்சு" என்றாள். கண்டக்டர் தவறாகச் சைகை கொடுத்தார் என்று கம்பெனி எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பியது.

அவள் தீவுக்குப் போகவில்லை. மேல்முனையில் ஒரு அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பு கடையானது. எந்த நாள், எந்த நிறுத்தம் என்று யாராவது கேட்டால், "காலு ஒடஞ்ச நாளுக்குத் திதி குடுக்கப் போறியா?" என்பாள். அதையெல்லாம் சொல்ல அவளுக்குப் பிடிக்காது. அந்த ஆளுக்கு எண்ணத் தெரியாது என்பதை மட்டும் சொல்வாள்.

அவள் செய்த இன்னொரு காரியம், கில்தே ஓட்டுகிற வண்டியில் ஏறுவதில்லை. சந்தைக்குப் போக நிற்கும்போது அவன் வண்டி வந்தால், மழை கொட்டினாலும் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பாள். அவன் கதவைத் திறந்து அரை நிமிஷம் வைத்திருப்பான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் கதவை மூடிக்கொண்டு போவான். கண்டக்டர் பெண்கள் இல்லாமல் போனார்கள், தானாக மூடும் கதவு வந்தது, இறங்குவதற்கு மணி வந்தது, டிக்கெட்டுக்குப் பதில் அட்டை வந்தது. அந்த அரை நிமிஷம் மட்டும் மாறவில்லை.

இரண்டாயிரத்து ஏழு மே மாதத்தோடு நாற்பத்தேழை எடுத்துவிட்டு வேறொரு எண்ணோடு சேர்க்கப்போவதாக நிறுத்தங்களில் ஒட்டினார்கள். கில்தேவுக்கு ஓய்வும் அதே நாள். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் கடை நிறைந்திருந்தது. எல்லாரும் பழைய கதை பேசினார்கள்.

மல்சூனின் தோழி ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் பெயர் இங்கே வேண்டாம். ஷூ ஃபாக்டரியில் இருபது வருஷம் அடித்தோல் ஒட்டியவள், ஒட்டுக்காரி என்றே வைத்துக்கொள்வோம். ஃபாக்டரி மூடிய பிறகு மேல்முனைக்குக் குடிவந்தவள். குளிர்காலம் வந்தால் மல்சூனோடு உட்கார்ந்து நூறு முட்டைக்கோசுக்கு உப்புப் போட்டுக் கிம்ச்சி பிசைவாள். ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளியலறைக்கு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முதுகு தேய்த்து, வெந்நீரில் அந்த முழங்காலைப் பிடித்துவிடுவாள்.

"நாப்பத்தேழு என்னை ஒரே ஒரு தடவதான் விட்டுட்டுப் போச்சு" என்று ஆரம்பித்தாள் ஒட்டுக்காரி. "இந்த ஊருல பனி கொட்டுச்சே, எழுபத்தேழுல, அன்னைக்குக் காலையில. கெணத்தடியில படிப்படியா வழுக்கிக்கிட்டு ஓடி வரேன். வண்டி நிக்குது. நிறுத்துங்கய்யான்னு அது முதுகுல ஓங்கி ஒன்னு வச்சேன். நிக்கும்னு பாத்தா, கெளம்பிடுச்சு!"

"நீங்க வச்ச அடியில பயந்து ஓடியிருக்கும்" என்றான் ஒரு டிரைவர்.

"சிரிங்கடா. குறுக்குப் படியில உருண்டு பொரண்டு ஃபாக்டரிக்குப் போனா, மேஸ்திரி கழுத்துல ஷூவக் கட்டி வாசல்ல நிக்க வச்சான். அந்த டிரைவர் மட்டும் என் கையில கெடச்சிருந்தா, அவனை அப்படியே அடித்தோலோட ஒட்டியிருப்பேன்."

கடை முழுக்கச் சிரித்தது. கில்தேவின் குச்சியில் நூடுல்ஸ் தொங்கியபடி நின்றது. கிணற்றடி. பனி. தகரத்தில் ஒரு கை. அவன் குச்சியை வைத்துவிட்டு எழுந்தான். வாயைத் திறந்தான்.

பலகையில் மல்சூனின் கை விழுந்தது. ஒரே ஒரு தட்டு.

கில்தே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கிண்ணம் யாருக்குக்கா?" என்றாள் ஒட்டுக்காரி.

"யாருக்கும் இல்ல. ஈ."

அந்த வாரம் முழுவதும் கில்தே வண்டி ஓட்டினான், கடைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து சோறு கட்டி எடுத்து வந்து ஸ்டியரிங்கின் மேல் வைத்துத் தின்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பது வருஷப் பேச்சு ஒரு நாளில் அடங்கிவிடும். மேல்முனையில் தன்னை அறிந்த ஒரு ஆளாவது பாக்கி இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கடைசி நாள் காலை எட்டரை மணி வண்டிக்கு மேல்முனையில் கதவைத் திறந்தான். அரை நிமிஷம் வைத்திருந்தான். மல்சூன் கடலைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மடங்காத காலை இழுத்து ஏறினாள். அவன் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டியில் நான்கு பேர் இருந்தார்கள். அவள் உட்காரும் வரை கில்தே பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

கிணற்றடியில் யாரும் ஏறவில்லை. வளைவை அவன் மெதுவாக எடுத்தான்.

"கில்தே அண்ணே" என்றாள்.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"கூட்டிப் பாத்தேன். நான் ஒன்னு, அவ ஒன்னு."

"அப்ப நான் கேட்டது ரெண்டு."

"ரெண்டுதான்."

அடுத்த இரண்டு நிறுத்தங்களிலும் கில்தே கதவைத் திறந்து மூடினான்.

"இதைக் கடையில எல்லாரு முன்னாடியும் சொல்லு."

"மாட்டேன். சொன்னா எப்படின்னு கேப்பாங்க. அவ காதுக்குப் போகும். அதுக்கப்புறம் இந்த முழங்கால எப்படிண்ணே தொடுவா?"

"என் பேரு?"

"முப்பது வருஷமா நாறிட்டுதானே இருக்கு. பழகியிருக்கும்."

கில்தேவுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் காட்டாமல் கியரை மாற்றினான்.

மீன் சந்தையில் அவள் எழுந்தாள். "நாளைக்கு மத்தியானம் கடைக்கு வந்துடுங்க."

"வண்டியே இல்ல. வேலையும் இல்ல. அங்க எனக்கென்ன?"

"வாரம் பூரா வரல. ஏன் வரலன்னு அவளே ரெண்டு தடவ கேட்டுட்டா. வாங்க. எப்பவும் போல பலகையில தட்டுவேன். எத்தனைன்னு கேப்பேன்."

"கேட்டா?"

படியில் இறங்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"மூணுன்னு சொல்லுங்க."