எத்தனை அந்தோணியார்!

காசிமேட்டில் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில், ஆர்டரை இப்போது எங்கள் வெப்சைட்டில்தான் போட வேண்டும். பட்டியலில் மீன்பிடிப் போட்டின் பெயரைத் தொட்டால் ஐஸ் வண்டி நேராக அந்தப் போட்டுக்குப் போய்விடும்.

ஆனால் எங்கள் துறைமுகத்தில் பாதிப் போட்டுகளுக்கு அந்தோணியார் பெயர்தான். பட்டியலோ தள்ளத் தள்ள ஓடிக்கொண்டே இருக்கும்.

போன வாரம் போட்டு டிரைவர் சேகர் அண்ணனின் விரல் வழுக்கி, ஐஸ் வேறொரு அந்தோணியாருக்குப் போய்விட்டது. அன்று அவரால் கடலுக்கே போக முடியவில்லை.

இன்று காலை போனை என் மேஜையில் வைத்துவிட்டார். "இத்தினி அந்தோணியாரு கீறாரு. இதுல நம்மாளு யாருன்னு நீயே சொல்லும்மா."

"ஸ்டெல்லா நேத்து மாத்திட்டாண்ணா. ஓனரோட பட்டப்பேர அடிச்சுப் பாருங்க."

ஸ்டெல்லாதான் எங்கள் வெப்சைட்டைச் செய்தவள்.

அண்ணன் 'சோடா' என்று அடித்தார். அவ்வளவு நீளப் பட்டியலும் மறைந்து ஒரே ஒரு வரி நின்றது: அந்தோணியார், சோடா செல்வம் போட்டு.

"யம்மா! இந்தப் பேரு இதுக்கு எப்டி தெரியும்?"

"ஏலம் நடக்குற எடத்துல நின்னு, யாரு எந்தப் போட்ட எப்டிக் கூப்புடுறாங்கன்னு கேட்டு எழுதினா. உங்க போட்டு பேர உங்க ஓனரே சிரிச்சுகினே சொன்னாராம்."

ஐஸ் சரியான போட்டில் ஏறியது. அண்ணன் கிளம்பிவிட்டார்.

நானோ, வேறொரு வெப்சைட்டின் நாடுகள் பட்டியலில் 'இந்தியா'வைத் தேடி ஆப்கானிஸ்தானிலிருந்து விரலால் நடந்துகொண்டிருக்கிறேன். அங்கேயும் யாராவது ஒரு ஸ்டெல்லாவை வேலைக்கு வையுங்களேன். நீங்கள் இப்போது எந்த நாட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள்?