இல்லாத எட்டரை மணி பஸ்

அறுபத்து நான்காவது வயதில் நான் மறுபடியும் கல்லூரி மாணவன் ஆனேன். கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்லூரி. மூலிகைப் பயிர்களைப் பற்றி ஒரு வருடப் பட்டயப் படிப்பு. விண்ணப்பத்தில் 'வயது வரம்பு' என்ற கட்டத்துக்குள் எதையும் அச்சடிக்காமல் விட்டிருந்தார்கள். முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்குக் காலிக் கட்டத்தின் அருமை தெரியும். போட்டேன், கிடைத்தது. மனைவி அப்போது பெங்களூரில் மகள் வீட்டில் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "டிபன் பாக்ஸைத் தொலைச்சுட்டு வந்து நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

விடுதி கிடையாது. வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரோடு செம்மேட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். ஒருவன் மலைக்காரன். குண்டனி நாடு என்கிற மலைப்பகுதியில் மிளகும் சாமையும் போடுகிற வீட்டுப் பையன். அதிகம் பேச மாட்டான். பதிலாகத் தட்டுவான். தட்டு, வாளி, கதவு, ஒருமுறை குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் முதுகு. மற்றவன் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரன், கொத்தனார் மகன். இவன் இருவருக்கும் சேர்த்துப் பேசுவான். முதல் வாரம் என்னை 'சார்' என்றார்கள். இரண்டாவது வாரம் 'பெருசு' ஆனேன். அந்தப் பதவி உயர்வுக்கு நான் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை.

சமையல் முறை வைத்து. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் அடுப்பைப் பற்ற வைத்ததே இல்லை. என் முதல் நாள், மலிவாகக் கிடைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அப்படியே குக்கரில் போட்டு வேகவைத்து, கடுகு தாளித்து, பெருமையோடு இறக்கினேன்.

பேளுக்குறிச்சிக்காரன் ஒரு வாய் வைத்தான். "பெருசு, தோலை உரிச்சீங்களா?"

"அதுலதான் சத்து இருக்கு."

"சத்து இல்லீங்க. தோட்டமே இருக்குது."

மலைக்காரன் எதுவும் சொல்லாமல் முழுவதையும் தின்று முடித்தான். அவன் இயல்பு அது, அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கிழங்கு உரிக்கிற வேலையை எனக்கும், வேகவைக்கிற வேலையைத் தங்களுக்கும் ஒதுக்கிக்கொண்டார்கள்.

கையில் காசு ஓய்ந்த நாட்களில் ஆட்டுக்கால் கிழங்கு சூப்பு. பாறையில் படர்கிற கிழங்கு அது, ரோமம் மூடி ஆட்டின் கால் போலவே இருக்கும். சுரண்டி, நசுக்கி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆடு என்று சத்தியம் செய்யலாம். குடித்து முடித்ததும் பேளுக்குறிச்சிக்காரன் தட்டைத் துழாவுவான். "எங்கடா எலும்பு? பெருசு எடுத்துக்கிட்டாரா?" ஒவ்வொரு தடவையும் இதையே கேட்பான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் சிரித்தோம்.

நான் அங்கே எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது தெரியவேண்டும் என்றுதான் இதையெல்லாம் சொல்கிறேன். செய்த தவறை அந்தச் சந்தோஷத்தில்தான் செய்தேன்.

இரண்டாவது பருவத்தில் மலைக்காரனின் ஊரில் மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டினார்கள். சாமி புறப்படுகிற எட்டாம் நாள், முதல் மேளம் தட்டுகிற உரிமை அந்த ஊரில் ஏழு குடும்பங்களுக்கு உண்டு. வருடத்துக்கு ஒரு குடும்பம். அந்த வருடம் அவன் வீட்டு முறை. அவன் அப்பா ஏழு வருடமாகக் காத்திருந்தவர். ஆனால் இடையில் மிளகு பறிக்கும்போது கொடி ஏறிய சவுக்கு மரத்திலிருந்து விழுந்து வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. ஆகவே மகன் தட்ட வேண்டும். அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது. கயிறு கட்டியவர்கள் மலையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எட்டு நாளும் இரவில் மலையை விட்டு இறங்கித் தங்கக் கூடாது. விதி அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் நாமக்கல்லில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. ரத்ததான முகாமோடு சேர்த்து நடத்தினார்கள். எங்கள் கல்லூரித் தொண்டர் குழுவை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதுவரை எங்கள் தொண்டு என்பது அருவிப் பாதையில் சுற்றுலாக்காரர்கள் வீசிய பாட்டில்களைப் பொறுக்குவது. இதிலோ கச்சேரி இலவசம், தக்காளி சாதப் பொட்டலமும் உண்டு. தொண்டுள்ளம் பெருக வேறென்ன வேண்டும்?

மலைக்காரன் தயங்கினான். "காப்புக் கட்டியிருக்கறனுங்க."

"கச்சேரி அஞ்சு மணிக்கு. ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சா மேல வந்துடலாம். நான் பொறுப்பு" என்றேன். மேடையில் டிரம்ஸ் வாசிப்பதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் ஆசை. வந்தான்.

மைதான வாசலில் எனக்கு ஒரு மஞ்சள் மேல்சட்டையும் ஒரு விசிலும் கொடுத்து வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் என் பேச்சுக்கு ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை. இங்கே ஒரு ஊதலுக்கு நாற்பது பைக் பின்வாங்கின. ஒரு கார்க்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே பாட்டு, வெளியே நான். அந்த மைதானத்தில் எங்கள் இருவரில் யாருக்கு அதிகக் கூட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஆறே காலுக்கு மலைக்காரன் வந்தான். "பெருசு, கெளம்பலாமுங்களா?"

"இந்த வரிசை முடியட்டும்."

ஆறரைக்கு மறுபடியும் வந்தான். "ஏழு மணி வண்டிங்க. ஸ்டாண்டுக்கு நடக்கோணும்."

"எட்டரைக்கு ஒண்ணு இருக்கு, கண்ணு. காலைல டைம் ஆபீஸ்ல விசாரிச்சேன்."

நான் விசாரிக்கவில்லை. எட்டரைக்கு மலைக்குப் பஸ் கிடையாது. எட்டு மாதமாக அந்தத் தடத்தில் போய்வந்தவன் நான். ஏழு மணி வண்டிதான் கடைசி என்பது என் வீட்டு முகவரிபோல எனக்குத் தெரியும். மறதி என்றோ குழப்பம் என்றோ இங்கே எழுதிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் தெரிந்தேதான் சொன்னேன். விசிலைக் கழற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. ஏதாவது லாரி கிடைக்காதா என்று நினைத்தேன். அவன் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டு மேடைப் பக்கம் போனான்.

எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் விசாரித்தோம். "எட்டரைக்கா? மலைக்கா?" என்று கேட்டுவிட்டு நேரக் காப்பாளர் பக்கத்தில் இருந்தவரையும் சிரிக்கக் கூப்பிட்டார். "மாத்திட்டாங்க போல" என்றேன் நான்.

பேளுக்குறிச்சிக்காரன் எங்கிருந்தோ ஒரு பைக்கைக் கொண்டுவந்தான். அதற்கு ஹாரன் நன்றாக இருந்தது, முன்விளக்குத்தான் இல்லை. மூன்று பேரும் தெருவிளக்கு உள்ள தெருவாகத் தேடித் தேடி அடிவாரச் சோதனைச்சாவடி வரை போய்விட்டோம். வனக்காவலர் பைக்கைச் சுற்றி வந்தார்.

"மூணு பேரு, லைட்டு இல்ல, எழுவது வளைவு. ஏனுங்க பெரியவரே, சின்னப் பசங்கதான் இப்படின்னா, உங்களுக்குமுங்களா?"

"அண்ணா, கேட்டைத் தாண்ட மட்டும் விடுங்க" என்றான் மலைக்காரன். "ரெண்டு வளைவு ஏறி ஒக்காந்துக்கறேன். விடிஞ்சதும் போயிக்கறேன்."

"கரடி சுத்துது, சாமி. நாளைக்கு உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?"

பேளுக்குறிச்சிக்குத் திரும்பினோம். பேளுக்குறிச்சிக்காரனின் அம்மா தோசை ஊற்றிப் போட்டார். நான் நான்கு தின்றேன். மலைக்காரன் ஒன்றுகூட முழுதாகத் தின்னவில்லை.

காலை முதல் பஸ்ஸில் நான் யோசித்துக்கொண்டே போனேன். காரணம் கேட்டு வருகிற கடிதங்களுக்கு விளக்கம் எழுதுவதில் என் அலுவலகத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பிற கிளைகளிலிருந்தெல்லாம் என்னிடம் வந்து எழுதி வாங்கிப் போவார்கள். முப்பத்திரண்டாவது வளைவுக்கு வந்தபோது விளக்கம் தயார்.

மலைக்காரன் ஊரில் நோன்பு நாட்களில் யாரும் செருப்போடு நுழைவதில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மலைக்காரனோடு கோயில் முன்னால் போய் நின்றேன். ஊருக்குத் தலைமையான ஊர்க்கவுண்டரும் அவன் அப்பாவும் இன்னும் சிலரும் இருந்தார்கள். ராத்திரி எங்கள் அறை பூட்டிக் கிடந்ததை யாரோ வந்து சொல்லியிருந்தார்கள்.

"ராத்திரி எங்கிருந்தீங்க?" என்று அப்பா கேட்டார். மகனைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

"பஸ் முப்பத்திரண்டாவது வளைவுல பிரேக் டவுன் ஆயிடுச்சுங்க. ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளயே கிடந்தோம். மலை மேலதான் இருந்தோம்."

படித்தவன், நரைத்தவன். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. "அடப் பாவமே, குளுரு அடிச்சிருக்குமே" என்றார் ஊர்க்கவுண்டர். "யாராச்சும் பெரியவருக்குச் சூடா ஒரு காப்பி கொண்டாங்க." அந்தக் காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. மகன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அடுத்த இரண்டு நாள் எங்கள் அறையில் தட்டும் சத்தம் இல்லை. "என்னடா, வாளிக்கு லீவு உட்டுட்டியா?" என்று பேளுக்குறிச்சிக்காரன் கேட்டுப் பார்த்தான். மலைக்காரன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டான். நான் பாடப்புத்தகத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்.

எட்டாம் நாள் காலை ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. சாமி புறப்படத் தயார். அப்பா தம் இடது கையால் மேளத்தைத் தூக்கி மகன் தோளில் மாட்டிவிட்டார். வார் முறுக்கியிருந்ததைச் சரிசெய்தார். பின்னால் நகர்ந்து நின்றார். அவர் நின்ற விதத்தில், ஏழு வருடமும் இந்த இடத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்து வைத்தவர்போல இருந்தது.

மகன் குச்சியை எடுத்தான். தூக்கினான். கீழே இறக்கினான்.

"நான் தட்டக் கூடாதுங்க" என்றான். "அன்னைக்குப் பேளுக்குறிச்சியில தங்குனோம். மலைமேல இல்லீங்க."

ஊர்க்கவுண்டர்தான் கேட்டார். "அப்ப பஸ்ஸு நின்னுபோனது?"

"பொய்யிங்க."

"அட, அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி ஊத்தி மறுகாப்புக் கட்டியிருப்பமே, சாமி. போன வருசம் பொண்டாட்டி பிரசவத்துக்குன்னு கீழ ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு இருந்தவனுக்குக் கட்டுனமே. வெளிய தங்குறது பெரிய குத்தமா? ரெண்டு நாளாப் பொய்யை வெச்சுக்கிட்டுக் கோயில்ல வந்து நின்னியே, அதுக்கு என்னத்தக் கட்டுறது?"

ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர். நான் யாரையும் கேட்கவில்லை. விதி என்றால் தண்டனை, தண்டனை என்றால் அதிலிருந்து தப்ப ஒரு விளக்கம். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். பரிகாரம் உண்டா என்று கேட்கிற பழக்கமே எனக்கு இருந்ததில்லை.

"ஏன்டா இறங்கித் தங்குனே?" என்று அப்பா கேட்டார்.

"கச்சேரி பாத்துக்கிட்டே நின்னுட்டனுங்க. நேரம் போனது தெரியல. பஸ்ஸு கதையும் நாந்தான் சாரைச் சொல்லச் சொன்னேன். அவரு பாவம், எனக்காகச் சொன்னாரு."

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பரிதாபத்துக்குள் நான் பேசாமல் நின்றுகொண்டேன். அப்பா மகன் தோளிலிருந்து மேளத்தைக் கழற்றினார். ஒரு கையால் கழற்ற நேரமாயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை, போகக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த முறைக்காரர் வீட்டுப் பையனிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பையன் நன்றாகவே தட்டினான். அப்பா கடைசிவரை நின்று கேட்டார், மகனைத் திரும்பிப் பார்க்காமல்.

சாயங்காலம் பஸ்ஸுக்காக நடந்தபோது அவனிடம் சொன்னேன். "எட்டரைக்கு பஸ் இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"எனக்குந் தெரியுமுங்க. பொறந்ததுலயிருந்து அந்த ரோட்டுல போறேன்."

"பின்னே ஏன் நின்னே?"

"நீங்க சொல்றீங்களே, ஒருவேளை புதுசா உட்டிருப்பாங்களோன்னு நெனச்சேன்."

கொஞ்ச தூரம் போனதும், "இப்பவே திரும்பிப் போய் அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

அவன் நின்றான். "வேண்டாமுங்க. எம்மேல கோவம்னா ரெண்டு மாசத்துல சரியாப் போயிரும். உங்கமேலன்னா எங்கூட்டுல காலேஜ் பேச்சையே எடுக்க முடியாது. படிச்சவங்க இப்படித்தான்னு சொல்லிருவாரு. எந்தங்கச்சி அடுத்த வருசம் சேரோணும்."

நியாயமான காரணம். எனக்கு வசதியான காரணமும்கூட. அன்று என் பங்கில் ஓர் ஆட்சேபம்கூடத் தெரிவிக்காமல் ஒப்புக்கொண்டேன். அந்த வருடம் முடியும்வரை அவன் முன்போலவே என்னோடு சமைத்தான், சிரித்தான், காய்ச்சல் வந்தபோது எனக்குக் கஞ்சி வைத்தான். முறைத்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. தங்கை கல்லூரியில் சேர்ந்து, படிப்பை முடித்து, போன மாதம் வேலையிலும் சேர்ந்துவிட்டாள். நான் மறைந்துகொள்ள வைத்திருந்த காரணம் தீர்ந்துபோயிற்று. அவர்கள் வீட்டு முறை வர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை அந்த மனிதர், தம் மகன் பாட்டுக் கேட்டு நின்றதால்தான் முதல் மேளம் கைவிட்டுப் போயிற்று என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நேற்று அவனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறேன், உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். நான்கு வருடத்துக்கு முன்பு சொன்னதுபோல வேண்டாம் என்பான் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"காலையிலயே போயிருங்க" என்றான். "வெயில் ஏறுனா அவரு காட்டுக்குப் போயிருவாரு."