தோற்கத் தெரியாத கம்ப்யூட்டர்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தோல்வி மேடம்’. குழந்தைகளுக்கான செஸ் விளையாட்டில் கம்ப்யூட்டரை நம்பும்படி தோற்க வைப்பதுதான் அவள் வேலை. உலகத்தையே ஜெயிக்கிற அதற்குத் தோற்க மட்டும் வரவில்லை. பத்து நகர்த்தல் புலியாக ஆடிவிட்டு, பதினொன்றாவதில் ராணியைத் தூக்கிச் சிப்பாயின் வாயில் கொடுத்தது.

ஆடிப் பார்த்த எட்டு வயது மகள் டேப்லெட்டைத் தள்ளிவிட்டாள். “போம்மா, இது வேணும்னே விட்டுக்குடுக்குது. நான் என்ன பாப்பாவா? இனிமே எனக்கு செஸ்ஸே வேண்டாம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. மனப்பூர்வமாகச் சொதப்பும் ஓர் ஆள் வேண்டும் என்று யோசித்தபடி திரும்பினாள்; சோபாவில் கணவர் கிடந்தார். ஒரு வாரம் அவரோடு ஆடினாள். மனிதர் தன் குதிரையை மட்டுமே பார்ப்பார். மூலையில் அவளுடைய மந்திரி குறிவைத்து நிற்பது கண்ணிலேயே படாது. அந்தப் பிழைகளை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தாள்.

அடுத்த ஆட்டத்தில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடி, ஜெயித்துக் குதித்தாள். “அம்மா, இப்ப நெஜமாவே ஆடுது! அப்பா மாதிரியே யோசிக்குது!”

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா, என் மூளைய கம்ப்யூட்டர்லயே ஏத்திட்ட!”

“ஆமாங்க,” என்றாள் அவள். “ஒண்ணாம் லெவல்ல.”