இஸ்திரி போட்ட கடல்

கோபன்ஹேகனில் எங்கள் பட்டறைக்கு வரும் நைந்த ஓவியங்களின் பின்புறம் புதுத் துணி ஒட்டுவது வில்லாட்ஸின் வேலை. பசை தடவி, சூடான இஸ்திரிப் பெட்டியால் பின்னாலிருந்து தேய்ப்பான். பெட்டியைக் கன்னத்தருகே பிடித்துத்தான் சூடு பார்ப்பான். இருபது வருடமாக யார் சொல்லியும் கேட்டதில்லை, திமிர் பிடித்தவன்.

அன்று மேசையில் கிடந்தது ஓவியர் தோர்கில்டின் புயல் கடல். தூரிகையால் வண்ணத்தை அள்ளி அப்பி, அலைகளை மேடு மேடாக எழுப்பியிருந்தார்.

"சூடு அதிகம்டா," என்றேன்.

"உன் வேலையப் பாரு."

தேய்த்து முடித்துப் படத்தைத் திருப்பிப் பார்த்தோம். நிறமெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அலைகள் மட்டும் நசுங்கிப் படுத்திருந்தன.

மறுநாள் தோர்கில்ட் தன் மனைவி சிட்செலோடு வந்தார். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அலைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னய்யா இது? கடலுக்கே இஸ்திரி போட்டுட்டியா?"

"கோடு ஒண்ணுகூட அழியலையே," என்றான் வில்லாட்ஸ், விறைப்பாக நின்றபடி.

தோர்கில்ட் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் அசையவில்லை.

சிட்செலின் தம்பி புயலில் படகோடு மூழ்கிப் போனவன். எழும்பி நிற்கும் அந்த அலைகளைப் பார்க்க அவளுக்கு மனம் தாங்காததால், அந்தப் படம் வீட்டில் எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியே நிற்கும். இப்போது அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய் நிதானமாகப் பார்த்தாள்.

"விடுங்க, நல்லாத்தானே இருக்கு," என்றாள். "சாப்பிடுற ரூம்லயே மாட்டிடலாம்."

அப்போதுதான் வில்லாட்ஸ் உட்கார்ந்தான்.